அஞ்சல் வழி வந்த ஆராய்ச்சிச் செல்வம்

கல்விக் கூடங்களின் மதிலுக்கு வெளியே வாழ்பவனுக்கு ஆராய்ச்சி ஏடுகள் எட்டாக்கனிதானோ? இவ்வினா புதியதன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் ஒருவர் இதற்கு விடை கண்டார்.

அவர் வி. இராமசாமி ஐயர். சென்னை மாகாணத்தின் அனந்தப்பூர் மாவட்டத்தில், குத்தி என்னும் ஊரில் துணைக் கலெக்டராக இருந்தவர். வடிவ கணிதத்தில் தீராத வேட்கை கொண்டவர். கணித ஆய்விதழ்களோ கடல் கடந்து வர வேண்டியவை; விலையும் மிகுதி. தனியொருவரால் வாங்க இயலாதவற்றைப் பலர் கூடி வாங்கலாம் என்று அவர் எண்ணினார். 1906-ஆம் ஆண்டின் இறுதியில் கணித அன்பர்களுக்கு மடல் விடுத்தார். அதன் பயனாக 1907 ஏப்ரலில் 20 உறுப்பினரோடு ஒரு சங்கம் தோன்றியது. அதுவே பின்னர் இந்தியக் கணிதக் கழகம் எனப் பெயர் பெற்றது. அதன் நூலகம் புணே பெர்கூசன் கல்லூரியில் அமைந்தது. அங்கிருந்து ஏடுகள் அஞ்சல் வழியே நாட்டின் பல பகுதிகளிலிருந்த உறுப்பினர்களின் இல்லம் தேடிச் சென்றன. 1909-இல் கழகம் தனக்கென ஓர் இதழையும் தொடங்கியது.

1910-இல், கல்லூரித் தேர்வில் தவறி வேலையின்றி வாடிய இளைஞர் ஒருவர், திருக்கோவிலூரில் இராமசாமி ஐயரைக் கண்டு எழுத்தர் பணி வேண்டினார். அவர்தாம் சீனிவாச இராமானுஜன். அவருடைய குறிப்பேட்டைப் புரட்டிய ஐயர், இத்தகைய மேதையைத் தாலுக்கா அலுவலகத்தில் முடக்க மனமின்றி, அறிமுக மடல்களுடன் சென்னைக்கு அனுப்பினார். மறு ஆண்டே இராமானுஜனின் முதற்கட்டுரை அக்கழக இதழில் வெளிவந்தது. பட்டமும் பதவியும் இல்லாத ஒருவருக்கு அவ்விதழ் உலகின் வாயிலைத் திறந்துவிட்டது.

இன்றைய நிலை யாது? 2024 நவம்பரில் நடுவண் அரசு, ஆய்விதழ்களுக்கு நாடு முழுமைக்கும் ஒரே சந்தா என்னும் திட்டத்தை 6,000 கோடி ரூபாய் மதிப்பில் ஏற்றது. அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களைச் சார்ந்தோருக்கு அது பெரும்பேறு. ஆயின் ஆலையிலும் அலுவலகத்திலும் பணிபுரிந்துகொண்டே கற்க விழைவோர் அதன் வரம்பிற்குள் வாரார்.

அவர்களுக்கும் வழிகள் உண்டு. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் நூல்கள் கொல்கத்தா, சென்னை, மும்பை, தில்லி ஆகிய நான்கு நகரங்களின் பொது நூலகங்களை அடைதல் வேண்டும். அந்நகரங்களில் வாழும் நம் மக்கள் இந்நன்மையை மறத்தலாகாது. சர் சி. வி. இராமன் 1934-இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாடமி, தன் இதழ்களை இணையத்தில் கட்டணமின்றி வழங்குகிறது. 1991-இல் தோன்றிய ஆர்க்கைவ் என்னும் இணையக் களஞ்சியத்தில் கணித, இயற்பியல் கட்டுரைகள் யாவர்க்கும் கிடைக்கின்றன. இவற்றில் இல்லாத கட்டுரையை அதன் ஆசிரியருக்கே மடல் எழுதிக் கேட்கலாம். மகிழ்ந்து அனுப்புவோர் பலர்.

பிற மாநிலங்களில் நாம் அமைத்துள்ள தமிழ்ச் சங்கங்களும் இவ்வழிகளை இளைஞர்க்கு எடுத்துக் காட்டலாம். கூடிப் பெற்றுப் பகிர்ந்து படித்தல் 1907-இல் இயன்றதெனின், இன்று இயலாதோ?