தோல்வியுற்ற மரக்கலத்தின் நீண்ட ஆயுள்

1930ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் நியூபோட் துறைமுகத்துக்கு அப்பாலுள்ள கடலில் இரண்டு பாய்க்கப்பல்கள் போட்டியிட்டன. ‘அமெரிக்கக் கிண்ணம்’ என வழங்கும் பரிசுக்கான போட்டி அது. அமெரிக்கச் செல்வரின் ‘என்ரர்பிறைஸ்’ நான்கு ஓட்டங்களிலும் வென்றது. பிரித்தானியாவிலிருந்து வந்த ‘ஷம்றொக் 5’ நான்கிலும் தோற்றது. ஆனால், வென்ற கப்பல் ஐந்தே ஆண்டுகளில், 1935இல், உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாயிற்று. தோற்ற கப்பலோ தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்தும் அழியாதிருக்கின்றது.

என்ரர்பிறைஸின் உடல் வெண்கலக் கலப்புலோகத்தாலானது. ஷம்றொக்கின் உடல் மரத்தாலானது. வெண்கலம் அழிய மரம் நிலைத்தது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை மரத்தின் தன்மையில் இல்லை. மனிதரின் கைகளிலேதான் உண்டு.

1930க்கும் 1937க்கும் இடையில் ‘ஜே’ வகுப்பு எனப்படும் இப்பெரும் பந்தயக் கப்பல்கள் பத்து மட்டுமே கட்டப்பட்டன. அமெரிக்காவிற் கட்டப்பட்ட ஆறும் உடைக்கப்பட்டன. பிரித்தானியாவிற் கட்டப்பட்ட நான்கில் மூன்று எஞ்சின. அவற்றுள்ளும் மர உடல் கொண்டது ஷம்றொக் ஒன்றே. சாள்ஸ் நிக்கல்சன் என்னும் கலைஞர் வரைந்த திட்டத்தின்படி, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள கொஸ்போட் நகரத்தில் ‘கம்பர் அன்ட் நிக்கல்சன்ஸ்’ பட்டறை அதனைக் கட்டியது. நீளம் ஏறத்தாழ 120 அடி. வங்குகள், அதாவது கப்பலின் விலாவெலும்புகள், உருக்கினால் ஆனவை. அவற்றின்மேல் மகோகனிப் பலகைகள் பொருத்தப்பட்டன. போட்டிக்கு வரும் கப்பல் தானே கடலோடி வந்து சேர வேண்டுமென்பது அன்றைய விதி. ஆதலால் ஷம்றொக் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டவல்ல உறுதியோடு கட்டப்பட்டது.

எனினும் உறுதியாகக் கட்டப்பட்ட மரக்கலமும் கட்டி முடிந்த நாளிலிருந்தே அழியத் தொடங்குகின்றது. கடலின் உப்புநீரை விட வானத்தின் மழைநீரே மரத்துக்குக் கொடிய பகை. மேற்றளத்தின் இடுக்குகளால் இறங்கித் தேங்கும் நன்னீரில் பூஞ்சணம் பற்றி, வெளியே பளபளக்கும் பலகை உள்ளே உக்கிப் போகின்றது. உருக்கு வங்கும் மரப்பலகையும் சேருமிடத்தில் வேறொரு கேடு நிகழ்கின்றது. உப்புநீர் பட்ட உருக்கில் துரு ஏறுகின்றது. துரு பருத்துத் தன்னைச் சுற்றியுள்ள மரத்தைப் பிளக்கின்றது. ஆணிகள் பிடி தளர்கின்றன.

இதற்கு மருந்து ஒன்றே. கெட்ட பலகையைக் கழற்ற வேண்டும். துருப்பிடித்த வங்கின் வளைவை அளந்தெடுத்து அதே வளைவில் புதிய வங்கு செய்ய வேண்டும். அதன்மேல் புதிய பலகையை இழைத்துப் பொருத்த வேண்டும். பலகைகளின் இடைவெளியில் பஞ்சுத் திரியை உளியாலும் கொட்டாப்புளியாலும் அடித்து இறுக்கி, மேலே மக்குப் பூச வேண்டும். எல்லாவற்றையும் ஒருங்கே கழற்றினால் கப்பலின் வடிவமே குலைந்துவிடும். முட்டுக்கொடுத்துத் தாங்கி, பகுதி பகுதியாகவே வேலை நடைபெறும். அவசரம் அறியாத வேலை இது. கண்ணும் கையும் நெடுநாள் பழகியவராலன்றிச் செய்ய இயலாதது.

ஷம்றொக்கின் சரித்திரம் இத்தகைய கைகளின் சரித்திரமாகும். 1931இல் அதன் முதல் உரிமையாளர் மறைந்தபின், விமானத் தொழிலதிபர்களான சொப்வித், பெயரி என்போரின் கைகளுக்கு அது மாறியது. 1937இல் இத்தாலிக்குச் சென்று, ‘குவாட்ரிபோலியோ’ என அந்நாட்டு மொழியிற் பெயர் சூட்டப்பட்டது. மூவிலைப் புல்லின் பெயர் கொண்ட கப்பல் நாலிலைப் புல்லின் பெயரைப் பெற்றது. 1967இல் பிறந்த பட்டறைக்கே மீண்டு பெருஞ்சீரமைப்பைப் பெற்றது. 1986இல் நியூபோட்டிலுள்ள பாய்க்கப்பல் அரும்பொருளகத்துக்கு அளிக்கப்பட்டு, அங்கும் திருத்தப்பட்டது. 2000ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் பல்மத் நகரத்தில் மீண்டும் வேலை நடந்தது. 2001இல் அமெரிக்கக் கிண்ணத்தின் 150ஆம் ஆண்டு விழாவில், எஞ்சிய மூன்று ‘ஜே’ கப்பல்களும் கவுஸ் கடலில் ஒன்றாகப் பாய்விரித்தன.

உரிமையாளர்களின் பெயர்களெல்லாம் நூல்களில் உள. பலகை இழைத்தவரின் பெயர்கள் அரிதாகவே உள. கப்பலை ஓட்டியவர்களும் அத்தகையோரே. எசெக்ஸ் கரையோரக் கிராமங்களின் மீனவர் கோடையில் செல்வரின் பாய்களை இழுத்தனர். மாரியில் ஊர் திரும்பிச் சிப்பி வாரினர். 1930இல் ஷம்றொக்கை நடத்திய தலைவர் நெட் ஹேட், டொல்ஸ்பரி என்னும் அத்தகைய ஊரினரே.

இக்கப்பலின் முதல் உரிமையாளர் யார் என்பதை இனிக் கூறுவோம். அவர் சேர் தோமஸ் லிப்டன். அப்பெயரைக் கேட்டதும் நமது நாட்டின் மலைகள் நினைவில் எழும். கிளாஸ்கோ நகரத்தின் வறிய குடும்பமொன்றிற் பிறந்து, 1871இல் சிறு பலசரக்குக் கடையோடு தொழில் தொடங்கியவர் அவர். 1890இல் இலங்கைக்கு வந்து, கோப்பிப் பயிரின் அழிவால் மலிந்திருந்த தோட்டங்களை அப்புத்தளைப் பகுதியில் வாங்கினார். தம்பேதன்னை அவற்றுள் ஒன்று. தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு என்னும் விளம்பரம் அவரை உலகறியச் செய்தது. 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து முறை அமெரிக்கக் கிண்ணத்துக்குப் போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்றார். தோல்வியிலும் முகம் கோணாத அவருக்கு அமெரிக்க மக்கள் பணம் திரட்டிப் பொற்கிண்ணம் வழங்கினர்.

லிப்டனின் செல்வம் முழுவதும் தேயிலையால் வந்ததன்று. பன்றியிறைச்சியும் வெண்ணெயும் விற்றும் அவர் பொருளீட்டினார். ஆயினும் அவர் புகழின் அடித்தளம் தேயிலை. அத்தேயிலையின் அடித்தளமோ தமிழகத்திலிருந்து கங்காணிமாரால் கொண்டுவரப்பட்ட மக்களின் உழைப்பு. பனியிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து கொய்தோரின் கூலியில் மிச்சம் பிடிக்கப்பட்டதும், அந்த மகோகனிப் பலகைகளின் விலையில் ஒரு கூறாகும். இதனைக் கூறாது அக்கப்பலின் சரித்திரத்தை எழுதுவது அரைச் சரித்திரமே.

அம்மக்களுக்குக் கட்டப்பட்ட லயன் அறைகள் பத்தடிக்குப் பன்னிரண்டடி. நூறாண்டு கடந்த லயன்கள் பலவற்றில் இன்றும் மனிதர் வாழ்கின்றனர். அங்கும் கூரைத் தகரம் துருப்பிடிக்கின்றது, மழைநீர் இறங்குகின்றது, மரம் உக்குகின்றது. கப்பலுக்குப் பொருந்தும் விதி வீட்டுக்கும் பொருந்தும்: பராமரிப்பு நின்ற நாளிலேயே அழிவு தொடங்கிவிடும். அக்குடிசைகளில் வாழ்ந்தோரிற் பெரும்பாலாரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் மறுத்தது. அவ்வாறு நாடற்றவராய் எஞ்சியோருக்கு முழுமையான வழி பிறக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பழைய கப்பலைப் பேணுவதை நாம் குறை கூறவில்லை. ஒரு பலகையைக் காப்பது, அதனை இழைத்த கைத்திறனையும் காப்பதாகும். அது மனிதகுலத்தின் பொதுச் சொத்து. நாம் கேட்பது வேறு. ஒரு செல்வரின் விளையாட்டுக் கலத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பழுதுபார்க்கப் பணமும் பொறுமையும் கிடைத்த உலகில், உழைத்தவரின் கூரையைப் பழுதுபார்க்க மட்டும் அவை கிடைக்காத காரணம் என்ன?

நிறை குறைந்த கொழுந்துக்கு ‘அரைப்பேர்’ போடுவது தோட்ட வழக்கு. ஷம்றொக்கின் சரித்திரத்தில் அம்மக்களுக்கு அரைப்பேரும் விழவில்லை. பழைய செக்றோல் ஏடுகளும் முதியோரின் நினைவுகளும் இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை. உக்கிய பலகையைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும் தச்சனைப் போல, பொறுமையோடு அவற்றைத் தேடித் திரட்டி, விடுபட்ட பெயர்களை உரிய இடத்திற் பொருத்துவது நமது எழுத்தாளரும் ஆய்வாளரும் மேற்கொள்ள வேண்டிய பணியாகும். அப்பெயர்களுக்கு உரியோரின் பேரப்பிள்ளைகள் ஒழுகாத கூரையின் கீழ் வாழ வழி செய்வது நாம் அனைவரும் மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.