நாணயம் என்னும் முதல்
பினாங்குக் கிட்டங்கிகளும் கடன் பற்று அட்டையும்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசுக்கும் அப்பெயர். சொன்ன சொல் தவறாத ஒழுக்கத்துக்கும் அப்பெயர். 'அவர் நாணயமானவர்' என்று ஊரார் கூறும்போது, அவரிடம் காசு உண்டா என்பதை எவரும் எண்ணுவதில்லை; கொடுத்தது தவணை தவறாமல் திரும்பி வரும் என்பதையே எண்ணுகின்றனர். வங்கியாளர் இன்று கடன் தகுதி என்று குறிப்பிடுவது இவ்விரண்டாம் பொருளையே. இந்த நாணயம் எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு வளர்கிறது, எவ்வாறு அழிகிறது என்பதை அறிய விரும்புவோர்க்குப் பினாங்குத் தீவின் தமிழ் வணிக வரலாறு தக்கதொரு பாடமாகும்.

பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ளது கெடா. சோழர் கல்வெட்டுக்களில் வரும் கடாரம் இதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. புகார்த் துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களைக் கூறும் பட்டினப்பாலை, காழகத்துச் செல்வத்தையும் அவற்றுள் ஒன்றாக எண்ணுகிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என்று உரை கண்டார் நச்சினார்க்கினியர். அளவிலும் விலையிலும் நடுநிலை தவறாதவர் என்று அந்நகர வணிகரை அதே பாட்டுப் போற்றுவதும் கருதத்தக்கது. தமிழர் கடல் கடந்து செய்த வாணிகமும் நாணயம் பற்றிய எண்ணமும் அத்துணைப் பழைமையாகவே இணைந்து வந்துள்ளன.

கிட்டங்கியின் அமைப்பு

1786-ல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவிய பின்னர் ஜார்ஜ் டவுன் விரைந்து வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்குச் சென்று கொடுக்கல் வாங்கல் தொழிலை நடத்தினர். தண்ணீர்மலைச் சாரலில் அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலும், 1894-ல் வந்து சேர்ந்த வெள்ளி இரதமும் அவர்தம் செழிப்புக்குச் சான்றாக இன்றும் விளங்குகின்றன. தைப்பூச விழாவில் அவ்விரதம் பினாங்குத் தெருக் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலையை நோக்கிச் செல்கிறது.

அவர்கள் தொழில் நடத்திய இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். பண்டசாலையைக் குறிக்கும் கிடங்கு என்னும் தமிழ்ச் சொல்லோடும், கூடாங் என்னும் மலாய்ச் சொல்லோடும் இது உறவுடையது. நீண்ட கூடம் ஒன்றில் பல கடைகள் அடுத்தடுத்து இருக்கும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாய், ஒரு சாய்மேசை, ஒரு மரப்பெட்டி, அவ்வளவே. ஒருவர் கடைக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்பது பக்கத்துக் கடைக்காரர் கண்ணில் படாமற் போகாது. கடன் பெற்றவர் தவணை தவறினால் அச்செய்தி மாலைக்குள் கூடம் முழுவதும் பரவிவிடும். சுவர் இல்லாத அக்கூடமே அக்காலத்துக் கடன் தகவல் நிலையம் எனலாம்.

பெட்டியடியிலிருந்து மேலாள் வரை

இத்தொழிலுக்கு வரும் சிறுவன் முதலிற் பெட்டியடிப் பையனாகவே அமர்வான். முந்திரி, காணி, மாகாணி என்னும் கீழ்வாய் எண்களை ஊரிலேயே மனப்பாடம் செய்து வந்தவன் அவன். முந்திரி என்பது 320-ல் ஒரு பங்கு. அதனையும் விடாமல் வட்டி கணக்கிடக் கற்றவனுக்குச் சிறு தொகை என்று ஒன்று இல்லை. கடிதம் கொண்டுசெல்லுதல், தவணைக்குரிய பணத்தைக் கேட்டு வருதல், குறிப்பிலிருந்து பேரேட்டில் பெயர்த்தெழுதுதல் எனப் பல வேலைகளைச் செய்து தேறிய பின்னரே அடுத்தாளாக உயர்வான். அதன் பின்னரே முதலாளியின் பெயரால் பணம் கொடுக்கவும் வாங்கவும் அதிகாரம் பெற்ற மேலாள் ஆவான். மேலாளுக்கும் தவணை உண்டு. சம்பளச் சிட்டையில் கண்டபடி பெரும்பாலும் மூன்றாண்டுகள் பணியாற்றி, கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்புவது வழக்கம்.

இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. பிறர் பணத்தைத் தன் பொறுப்பிற் கையாளும் உரிமை ஒருவனுக்குக் கிடைப்பதற்கு முன், பிறர் பட்ட கடன்களின் கதை முழுவதையும் அவன் பல ஆண்டுகள் அருகிருந்து பார்த்துவிடுகிறான். எவன் வாங்கினான், எதற்கு வாங்கினான், எங்கே இடறினான் என்பதையெல்லாம் பேரேடு அவனுக்குக் கற்பித்துவிடும்.

விலாசமும் கையொப்பமும்

நகரத்தார் கடைகள் விலாசத்தால் அறியப்பட்டன. குடும்பத்து முன்னோர் பெயர்களின் முதலெழுத்துக்கள் சேர்ந்ததே விலாசம். ஆள் மாறினாலும் விலாசம் மாறாது. ஆதலின் ஒரு மேலாள் தவறினால் மூன்று தலைமுறை ஈட்டிய பெயருக்குப் பழுது நேரும். விலாசத்தின் மதிப்பை நம்பியே உறவினரும் கோயில்களும் பணத்தை ஒப்படைத்தனர். சொந்த முதலை முதல்பணம் என்றும், பிறர் வைத்ததை மேல்பணம் என்றும் பிரித்தெழுதுவர். உரிய காலத்தில் ஐந்தொகை கட்டி, கொடுக்க வேண்டியதையும் வர வேண்டியதையும் ஒரே பார்வையிற் கண்டுகொள்வர்.

1875-ல் சார்ட்டர்ட் வங்கி பினாங்கிற் கிளை திறந்தது. ஐரோப்பிய வங்கிகளுக்குச் சிறு கடைக்காரரையோ, ஈயச் சுரங்கத்தாரையோ, ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த சிறு விவசாயியையோ நேரில் தெரியாது. ஆனால் செட்டியாரைத் தெரியும். அவர் கையொப்பமிட்ட புரோநோட்டின் மேல் வங்கி கடன் தரும். அவர் அப்பணத்தைத் தாம் அறிந்தவர்க்குச் சிறுசிறு தொகைகளாகக் கொடுப்பார். இரண்டு வட்டிகளுக்கும் இடைப்பட்ட வேறுபாடே அவர் ஊதியம். அவ்வூதியத்தின் வேர், குறித்த நாளிற் குறித்த தொகை வங்கிக்குத் திரும்பிச் சென்றதே ஆகும். இரங்கூனில் நகரத்தார் மாதம் ஒருமுறை மொகல் தெருக் கோயிலிற் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தனர் என்பதும் இத்தொழிலில் இருந்த கட்டுப்பாட்டைக் காட்டும்.

இருண்ட பக்கம்

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. பேரேடு கடன் கொடுத்தவரிடமே இருந்தது. எழுத்தறியாத குடியானவர் தம் பற்று எவ்வளவு, தீர்ந்தது எவ்வளவு என்பதைப் பார்த்தறிய வழி இல்லை. சம்பளக்காரரும் சம்பளத்தை முன்கூட்டியே செலவிட்டுக் கடனில் மூழ்கினர். நிலம் கைமாறும் என்ற அச்சம் 1913-ல் மலாய் ஐக்கிய நாடுகளில் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் பிறக்க ஒரு காரணமாயிற்று. 1922-ல் மலாயாவில் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியபோது, குடியானவரையும் சம்பளக்காரரையும் கடனிலிருந்து மீட்பது அவற்றின் முதன்மையான நோக்கமாக இருந்தது.

1930-ஐ ஒட்டி வந்த பெருமந்தத்தில் ரப்பர் விலையும் நெல் விலையும் சரிந்தன. வாங்கியவரால் திருப்பித் தர இயலவில்லை. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில், 1930-ல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1938-க்குள் 25 பங்காயிற்று. நிலம் பெருகியது, தொழில் தளர்ந்தது. குடிகளின் பகையும் உடன் வளர்ந்தது. பின்னர் 1941 டிசம்பரில் போர் பினாங்கை அடைந்தது. ஜப்பானியர் அச்சிட்ட 'வாழைமர நோட்டு' மதிப்பிழந்துகொண்டே வர, பழைய கடன்களை அந்நோட்டாலேயே பலர் தீர்த்தனர். 1945-ல் அது வெறுங்காகிதமாயிற்று. அக்காலத்துக் கடன் தீர்ப்புக்களை எவ்வாறு கொள்வது என்பதற்கு 1948-ல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. காசாகிய நாணயம் கெட்டபோது ஒழுக்கமாகிய நாணயமும் சோதனைக்கு உள்ளாயிற்று.

அட்டை வந்த வழி

கிட்டங்கி முறை தளர்ந்த காலத்திலேயே அமெரிக்காவில் வேறொரு முறை தோன்றியது. 1958-ல் பேங்க் ஆப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில், கேளாதவர்க்கும் அஞ்சல் வழியே ஏறத்தாழ 60,000 கடன் பற்று அட்டைகளை அனுப்பியது. தவணை தவறுவோர் நூற்றுக்கு 4 பேர் என்று எதிர்பார்த்தனர். தவறிய கணக்குகளோ நூற்றுக்கு 22 என்பர். பெட்டியடியில் அமராதவன் கையிற் பெட்டியின் திறவுகோலைத் தந்ததற்கு ஒப்பானது அது. நாளடைவில் வங்கிகள் கற்ற பாடம் பழைய கிட்டங்கிப் பாடமே: முதலில் ஆளின் கணக்கைப் பார், பின்னர்ச் சிறிது கொடு, ஒழுங்காகத் திரும்பினால் அளவை உயர்த்து.

மலேசியாவில் 2001 முதல் பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். என்னும் கடன் தகவல் ஏடு இயங்குகிறது. அதில் ஒவ்வொரு கடனுக்கும் கடந்த 12 மாதங்களின் கட்டங்கள் உண்டு. நிலுவை இல்லாத மாதத்துக்குச் சுழி; ஒரு மாதம் நிலுவை இருந்தால் 1; இரு மாதம் இருந்தால் 2. பள்ளித் தேர்வில் யாரும் விரும்பாத சுழியே இவ்வேட்டில் முதன்மை மதிப்பெண். மேலும், பழைய பேரேட்டுக்கு இல்லாத ஒரு சிறப்பு இதற்கு உண்டு. கடன் பெற்றவரும் தம் பக்கத்தைக் கேட்டுப் பார்க்கலாம். பிழை இருப்பின் திருத்தக் கோரலாம்.

2011-ல் பேங்க் நெகாரா வகுத்த விதிகளின்படி அட்டை பெற ஆண்டு வருவாய் 24,000 ரிங்கிட்டேனும் இருத்தல் வேண்டும். 36,000 ரிங்கிட்டும் அதற்குக் கீழும் பெறுவோர் இரு நிறுவனங்களின் அட்டைகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. ஒவ்வொன்றின் கடன் எல்லையும் மாத வருவாயின் இரு மடங்கைத் தாண்டலாகாது. இவை வேலி, வேலிக்குள் நடப்பவர் நடையை விதி நடத்தாது.

குறைந்த தொகையின் கணக்கு

ஒருவர் முதல் அட்டையில் 3,000 ரிங்கிட் செலவிட்டார் எனக் கொள்வோம். பட்டியலிற் கண்ட நாளுக்குள் முழுத் தொகையையும் செலுத்தினால் வாங்கிய பொருளுக்கு வட்டி இல்லை. அவ்வாறின்றி, குறைந்த அளவாகிய நூற்றுக்கு 5 மட்டுமே செலுத்தி வருகிறார் எனின், ஆண்டுக்கு நூற்றுக்கு 18 வட்டி வீதம் முதல் மாத வட்டி 45 ரிங்கிட். அவர் செலுத்துவது ஏறத்தாழ 152. அசலிற் குறைவது 107 மட்டுமே. மேலும் ஒரு பொருளும் வாங்காமல் ஓராண்டு இவ்வாறே செலுத்தினால், கையை விட்டுப் போனது சற்றேறக்குறைய 1,500 ரிங்கிட். நிற்கும் கடனோ இன்னும் 1,900-க்கு மேல். ஏட்டிலே அவர் பெயருக்கு நேரே சுழிகளே நிற்கும். ஆயினும் வீட்டிலே பொருள் தேயும். ஏட்டின் நாணயம் வேறு, வாழ்வின் நலம் வேறு என்பதை இளைஞர் இங்கே உணர்தல் வேண்டும்.

ஆகவே முதல் அட்டையை முதல் பேரேடாகக் கொள்வதே அறிவுடைமை. மாதந்தோறும் எப்படியும் ஆகும் செலவு ஒன்றை மட்டும், மின்கட்டணம் போன்றதை, அதில் வைத்து, முழுத் தொகையையும் நாள் தவறாமல் தீர்த்து வந்தால், ஓராண்டில் பன்னிரண்டு சுழிகள் வட்டியின்றியே சேர்ந்துவிடும். வீட்டுக்கோ தொழிலுக்கோ பின்னாளிற் கடன் கேட்கும்போது அவையே அவருக்காகப் பேசும். அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுத்தால் அன்றே வட்டி தொடங்கும். அதனைத் தவிர்த்தல் நன்று. கடன் மிகுந்து இடர்ப்படுவோர்க்கு அறிவுரை கூறுவதற்கென்றே 2006-ல் ஏ.கே.பி.கே. என்னும் நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. காலம் தாழ்த்தாமல் அதனை நாடுதல் இழிவன்று. ஐந்தொகை கட்டிப் பார்ப்பதற்கு எவரும் நாணியதில்லை.

ஜார்ஜ் டவுன் 2008-ல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. கிட்டங்கிகள் இருந்த தெருக்களைக் காண இன்று பயணிகள் வருகின்றனர். பாயும் பெட்டியும் பழம்பொருள்களாகிவிட்டன. பெட்டியடிப் பையன் பல ஆண்டுகள் அமர்ந்து கற்ற பாடத்தை இன்று கற்பிக்கும் கூடம் எங்கும் இல்லை; முதற் சம்பளம் வாங்கியவுடனே அட்டை கைக்கு வந்துவிடுகிறது. அப்பாடத்தைத் தொடங்குதற்கு உரிய இடம் பள்ளியின் கணக்கு வகுப்பே. வட்டிக் கணக்கைக் கற்பிக்கும் ஆசிரியர், 3,000 ரிங்கிட்டின் கதையை ஒருநாள் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், மாணவர் கையில் அட்டை வருமுன் நாணயத்தின் இரண்டாம் பொருள் அவர் நெஞ்சிற் பதியும்.