பெற்றோரை விலக்கிய மருத்துவமும் பெற்றோரை அழைத்த மருத்துவமும்

கட்டிளமைப் பருவத்தினரின் உளநோய்களுக்கென மேலைநாடுகளில் இன்று நடத்தப்படும் தீவிர சிகிச்சைத் திட்டங்கள் பலவற்றில் பெற்றோரும் உடன்பிறந்தோரும் பங்குகொள்கின்றனர். மருத்துவ வரலாற்றை நோக்குமிடத்து, இந்நிலை எளிதில் எய்தப்பட்டதொன்றன்று என்பது புலனாகும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் உளமருத்துவம் பெற்றோரை முதலில் இடையூறாகவும் பின்னர் நோய்க்குக் காரணராகவும் கண்டது. இப்பார்வை மாறிய வரலாற்றை ஒரு நோயை முன்வைத்து இங்கு ஆராய்வோம். அனோரெக்சியா நேர்வோசா எனப்படும் உணவு மறுப்பு நோயே அது. உடல் பருத்துவிடும் என்ற பேரச்சத்தால் உணவை மறுத்து மெலியும் இந்நோய் பெரிதும் பதின்வயதுப் பெண்களைப் பற்றுவது. உளநோய்களுள் உயிரிழப்பு மிகுந்தவற்றுள் ஒன்று.

1873 ஆம் ஆண்டில் பாரிஸில் சார்ள்ஸ் லசேக்கும் இலண்டனில் வில்லியம் கல்லும் இந்நோயைத் தனித்தனியே விவரித்தனர். லசேக் நோயாளியையும் வீட்டாரையும் ஒருசேர நோக்கினார். கெஞ்சுதல், மிரட்டுதல் என்னும் இரண்டையன்றி வேறு வழியறியாத பெற்றோரின் திகைப்பையும் அவர் நோய் விவரணத்திற் சேர்த்துக்கொண்டார். கல்லோ, நோயாளியைப் பராமரிப்பதற்கு உறவினரே மிகவும் பொருத்தமற்றவர் எனக் கருதினார். 1880களில் பாரிஸின் சல்பெத்ரியேர் வைத்தியசாலையைச் சேர்ந்த சார்க்கோ இக்கருத்தைச் சிகிச்சை விதியாகவே ஆக்கினார். அங்கூலெம் நகரிலிருந்து அழைத்துவரப்பட்ட சிறுமியொருத்தியின் பெற்றோரை அவர் வற்புறுத்தி விலகச் செய்தார். அவர்கள் அகன்றபின் அவள் உணவுண்டு தேறினாள். இச்சம்பவம் தனிமைப்படுத்தற் கொள்கைக்குச் சான்றாக நெடுங்காலம் எடுத்தாளப்பட்டது. வைத்தியசாலையில் உண்ணும் பிள்ளை வீடு திரும்பியபின் என்ன செய்யும், அப்போது பெற்றோர் என்ன செய்தல் வேண்டும் என்ற வினாவுக்கோ இக்கொள்கையில் விடையில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெற்றோர்மீதான ஐயம் குற்றச்சாட்டாக மாறியது. 1948 இல் பிரீடா புரொம்-றைக்மன் மனச்சிதைவு நோயைத் தாயின் இயல்போடு தொடர்புபடுத்தினார். 1967 இல் வெளிவந்த நூலில் புறூனோ பெற்றல்ஹைம் பிள்ளைகளின் ஓட்டிசத்துக்குப் பெற்றோரின் அன்பின்மையே ஏதுவெனக் கொண்டார். இரு கருத்துக்களும் பின்னர் கைவிடப்பட்டன. வீட்டுப் பராமரிப்பின் சுமை முழுவதையும் பெண்மீது ஏற்றிய சமூகம், பிள்ளை நோயுற்றபோது பழியையும் அவள்மீதே சுமத்தியது என்பதை நாம் இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

இப்பின்னணியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சல்வடோர் மினூச்சின் ஆற்றிய பணி ஒரு திருப்புமுனையாகும். ஆர்ஜென்ரீனாவிற் பிறந்த இவர் முன்னர் நியூயோர்க்கின் வறிய குடும்பங்களிடையே பணியாற்றியவர். உணவு மறுக்கும் பிள்ளையோடு குடும்பத்தாரை ஒரே மேசையில் அமர்த்தி, உணவு வேளையையே அவர் சிகிச்சைக் களமாக்கினார். அவரும் அவருடைய குழுவினரும் 1978 இல் வெளியிட்ட நூலில், தாம் சிகிச்சையளித்த 53 பேருள் 86 வீதத்தினர் குணமடைந்ததாகக் கூறினர். ஒப்பீட்டுக் குழு அவ்வாய்வில் இருக்கவில்லை. அன்றியும், எல்லை மீறிய நெருக்கம் போன்ற குடும்ப இயல்புகள் நோயை வளர்க்கின்றன என்பது அவர்களது கொள்கை. பெற்றோர் சிகிச்சை அறையினுள் அழைக்கப்பட்டனராயினும் குற்றச்சாட்டின் நிழல் முற்றாக நீங்கவில்லை.

அந்நிழலை அகற்றியதில் இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலைக் குழுவினரின் பங்கு பெரிது. ஜெரால்ட் றசல் முதலானோர் 1987 இல் வெளியிட்ட ஆய்வில், வைத்தியசாலையில் எடை மீட்கப்பட்ட 80 நோயாளர் ஓராண்டுக்காலம் குடும்ப சிகிச்சையோ தனியாள் சிகிச்சையோ பெற்றனர். இளவயதில் நோய் தொடங்கி மூன்றாண்டு கடவாதோர்க்குக் குடும்ப சிகிச்சையே கூடிய பயனளித்தது. நோய்க்குக் காரணம் யார் எனத் தேடுவதை இம்மரபினர் கைவிட்டனர். பிள்ளையை மீண்டும் உண்ணச் செய்யும் பொறுப்பைப் பெற்றோரிடமே ஒப்படைத்து அவர்க்குத் துணைநின்றனர். சார்க்கோவின் விதி இவ்வாறு தலைகீழாயிற்று.

இதன் அடுத்த கட்டமே தீவிர பல்குடும்பச் சிகிச்சை. வறுமையும் சமூக நெருக்கடியும் சூழ்ந்த குடும்பங்களைப் பகல்நேர நிலையத்தில் ஒன்றுசேர்க்கும் முறையை இலண்டன் மார்ல்பரோ குடும்பச் சேவையினர் 1970களிலேயே கையாண்டனர். 1990களின் இறுதியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தவரும் மோட்ஸ்லி குழுவினரும் இம்முறையை உணவு மறுப்பு நோய்க்குப் பொருத்தினர். ஆறு தொடக்கம் எட்டுக் குடும்பங்கள் நான்கு நாட்கள் பகல் முழுவதும் ஒன்றாக உண்டு உரையாடுகின்றன. பின்னர் சில மாதங்கள் இடையிட்டுக் கூடுகின்றன. ஒரு வேளை உணவுக்குப் பிள்ளைகள் வேறொரு குடும்பத்தின் மேசையில் அமர்வதுமுண்டு. தம் பிள்ளையிடம் செயலற்று நின்ற தாய் மற்றொருவரின் பிள்ளையிடம் உறுதியோடும் கனிவோடும் பேச முடிவதைத் தானே காண்கிறாள். தனித்து வெட்கமுற்றிருந்த குடும்பங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்கின்றன. பிரித்தானியாவில் 169 இளையோரைக் கொண்டு நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வில், தனிக்குடும்பச் சிகிச்சை பெற்றோருள் சுமார் 60 வீதத்தினரும் பல்குடும்பச் சிகிச்சை பெற்றோருள் 75 வீதத்திற்கு மேற்பட்டோரும் ஓராண்டு முடிவில் திருப்திகரமான முன்னேற்றம் கண்டனர்.

எனினும் குடும்பத்தைப் புனிதப்படுத்துதலும் தவறேயாகும். பெற்றோரின் கடுஞ்சொல் மிகுந்த வீடுகளில் பெற்றோரையும் பிள்ளையையும் தனித்தனியே சந்திப்பதே கூடிய நன்மை தந்ததாக மோட்ஸ்லி ஆய்வுகளே காட்டின. அன்றியும், நான்கு நாட் பகல்களைச் சிகிச்சைக்கு ஒதுக்குதல் சம்பளத்துடன் விடுமுறை பெறும் பெற்றோர்க்கு இயலும். நாட்கூலியில் வாழ்வோர்க்கு அது நான்கு நாள் வருவாயின் இழப்பு. பராமரிப்பைக் குடும்பத்திடம் ஒப்படைக்கும் அரசு அதற்கான விடுமுறையையும் பொருளுதவியையும் வழங்காதுவிடின், நடைமுறையில் அச்சுமை மீண்டும் தாய்மீதே விழும்.

குடும்பத்தை நோயின் காரணமாகக் கண்ட மருத்துவம் அதனை நீக்க முயன்றது. நோய் தீர்க்கும் ஆற்றலாகக் கண்ட மருத்துவம் அதனோடு சேர்ந்து உழைக்கக் கற்றது. பெற்றோரிடம் பொறுப்பை அளிக்கும் சமூகம், அதனை நிறைவேற்றும் வசதியையும் அவர்க்கு அளித்தல் வேண்டும். பழி நீங்கிய இடத்தில் தனிச்சுமை வந்து அமருமாயின், இந்நூற்றாண்டுப் படிப்பினையின் பாதியை மட்டுமே நாம் கற்றவராவோம்.