திருப்பூர்ப் 'பனியன் கம்பெனி'யும் பதிவேடும்

திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்கூடத்தைப் 'பனியன் கம்பெனி' என்றே வழங்குவர். அவ்வழக்கை நம்பிக் கோயம்புத்தூர்க் கம்பெனிப் பதிவாளரின் ஆவணங்களை மட்டும் ஆராய்வார், இத்தொழில் வரலாற்றில் பலவற்றைக் காணார். உறவினரும் உடனுழைத்தாரும் கூடித் தொடங்கியவற்றுள் பல, சட்டநோக்கில் கம்பெனிகள் அல்ல. 1932ஆம் ஆண்டுச் சட்டத்துக்குட்பட்ட கூட்டாண்மைகளே. அவற்றின் ஏடு மாநிலப் பதிவுத்துறையிடம் உள்ளது. பதிவு கட்டாயமன்று, ஆயினும் பதியாத கூட்டாண்மை, சரக்கு வாங்கியவர் பணம் தராவிடில் வழக்குத் தொடர இயலாது (பிரிவு 69). பிறரோ அதன்மீது தொடரலாம்! பங்காளிகளின் பெயரும் அவர்கள் சேர்ந்த நாளும் அவ்வேட்டில் உள. கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். (பங்காளி என்னும் சொல் குடிவழியுறவையும் குறித்தல் நோக்கத்தக்கது.) தொழிலாளர் முதலாளியரான வரலாற்றுக்கு அங்கேயே சான்று தேடுதல் வேண்டும் என யாம் கருதுகிறோம். தனியொருவர் நடத்தியவையோ ஈரேட்டிலும் இல்லை.