தென்காசிக் கல்வெட்டும் திறந்த மூல நிரலும்

குற்றாலத்தில் சாரல் விட்டு விட்டு அடிக்கிறது. வெளியே போக முடியாத மதியத்தில் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். உங்களில் பலருக்கு இதில் பங்கு இருக்கிறது.

2003-ல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். வீட்டில் ஆச்சி, தாத்தா புழங்கும் சொற்களை எழுதி வரச் சொன்னேன். வெஞ்சனம், வாரியல், அங்கணம், பைய என்று அறுநூறு சொல்லுக்கு மேல் சேர்ந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே, சொன்னவர் பெயர், ஊர். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நானே தட்டச்சு செய்து பிளாப்பியில் வைத்தேன், பிறகு சிடிக்கு மாற்றினேன். உங்கள் கையெழுத்துத் தாள்களைக் கரையான் தின்றுவிட்டது.

போன வருஷம் அந்தக் கோப்பைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகள், பின்னால் ஓர் அரைப்புள்ளி. சொல் தந்த ஆச்சிமார்களில் அநேகம் பேர் இன்று இல்லை. மறுபடி யாரிடம் போய்க் கேட்பது?

மத்தளம்பாறையில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பார்த்ததுமே, "சார், இது பாமினி" என்றான். அந்தக் கால எழுத்துரு ஒரு வேஷம் மாதிரி. கணினிக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துதான், திரையில் தமிழ் வேஷம் கட்டி வரும். எழுத்துருவைத் தேடிப் பதித்தால் படிக்கலாம். ஆனால் 'வாரியல்' என்று தேடினால் கிடைக்காது, போனில் அனுப்பினாலும் தெரியாது. ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். அவன் மடிக்கணினியில் ஏதோ நாலு வரி தட்டினான். காபி ஆறுவதற்குள் அறுநூறு சொல்லும் தமிழாக வந்து நின்றன.

"நீ எழுதினதா?" என்றேன். "இல்லை சார், யாரோ எழுதி எல்லாருக்கும் சும்மா கொடுத்திருக்காங்க" என்றான். அந்த 'யாரோ' யார் என்று தேடிப் படித்ததைத்தான் சொல்ல வந்தேன்.

1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன், நிரலை யாரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை வேண்டும் என்று குனு திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். அதே ஆண்டில் பைத்தான் மொழி வந்தது. ஒருங்குறியின் முதல் பதிப்பும் தமிழுக்கு இடம் ஒதுக்கி வந்தது. 'திறந்த மூலம்' என்ற பெயர் பிறந்தது 1998-ல். அந்த ஆண்டு பொங்கலன்றுதான், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகத் தரும் மதுரைத் திட்டமும் தொடங்கியது.

நம் சொற்களை மீட்டது 'ஓப்பன் தமிழ்' என்னும் பைத்தான் நிரல் நூலகம். புத்தகம் அடுக்கிய நூலகம் அல்ல. ஒருவர் செய்து வைத்த வேலையை மற்றவர் எடுத்துத் தம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் தொகுப்பு. முத்தையா அண்ணாமலையும் நண்பர்களும் 2013 முதல் வளர்த்து வருகிறார்கள். பழைய குறியீடுகளை ஒருங்குறியாக்கும் பகுதி அருளாளன் எழுதியது.

இன்னொரு வேலையும் அது செய்கிறது. 'குற்றாலம்' எத்தனை எழுத்து? ஐந்து என்பீர்கள். கணினியிடம் கேட்டால் ஒன்பது என்கும். கு, ற், றா, ம் ஒவ்வொன்றையும் இரண்டிரண்டாக வைத்திருக்கிறது. ல மட்டும் ஒன்று. 'விகடகவி'யைத் திருப்பிப் போடச் சொன்னால் இகரக் குறியைத் தனியே பிய்த்துப் போட்டுவிடும். எழுத்தை எழுத்தாக எண்ணக் கணினிக்குக் கற்றுத் தருகிறது இந்த நூலகம். நான் ஆறாம் வகுப்பில் செய்த வேலைதான்!

நம் ஊர்க் கோயிலுக்கு இப்போது வருகிறேன். காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் ஒரு கல்வெட்டு வைத்தான். இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதும் குறை நேர்ந்தால், அதை நீக்கிக் காப்பவர் யாராயினும் உலகறிய அவரைப் பணிகிறேன் என்பது அதன் பொருள். கட்டிய அரசன், முகம் தெரியாத பழுது பார்ப்பவனை வணங்குகிறான். சிதைந்து நின்ற இராஜகோபுரம் 1990-ல் மறுபடி எழுந்தது.

இலவச நிரலும் அப்படித்தான். எழுதியவர் கொடுத்துவிட்டார், பழுது பார்க்க ஆள் வேண்டும். கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகளே, தினமும் இத்தகைய நூலகங்களை எடுத்துத்தான் சம்பாதிக்கிறீர்கள். தவறு கண்டால் தெரிவியுங்கள், முடிந்தால் திருத்திக் கொடுங்கள். தமிழ் தெரிந்த நிரலாளர் பார்க்காத தமிழ்ப் பிழையை வேறு யார் பார்ப்பார்?

மற்றவர்களுக்கும் வேலை உண்டு. நான் தட்டச்சில் விட்ட பிழைகள் எந்த நிரலுக்கும் தெரியாது. பட்டியலை ஊர்வாரியாக அனுப்புகிறேன். உங்கள் ஆச்சி சொன்ன சொல்லைப் படித்துப் பார்த்துச் சரி செய்து தாருங்கள். முடிந்ததும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமையோடு, ஆச்சிமார் பெயருடனேயே பொதுவில் வைத்துவிடலாம்.

இனி அது கரையான் தொட முடியாத இடத்தில் இருக்கட்டும்.