போத்தலில் ஒட்டிய காகிதப் பல்

கேகாலை மாவட்டத்தில் எட்டியாந்தோட்டை, கித்துல்கல, தெரணியகல என்று சரிவுகளில் படர்ந்திருக்கும் ரப்பர், தேயிலைத் தோட்டங்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் துரைமாரின் பங்களாக்களையும் கங்காணிமாரின் பேரேடுகளையும் விஸ்தாரமாக வர்ணித்திருக்கிறார்களேயன்றி, லயத்துக்கும் ஆபீஸுக்கும் இடையே நின்ற டிஸ்பென்சரியைப் பற்றி அதிகம் எழுதியதாக நான் கண்டதில்லை. தொழிலாளியின் சிகிச்சைக்குத் தோட்டமே பொறுப்பு என்ற கொள்கை 1872இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தில் உருப்பெற்று 1912இல் வலுவடைந்தது. அதன் காருண்யத்தில் பாதி, படுத்தவன் பெரட்டுக்கு வரமாட்டான் என்ற கணக்கு.

நோயாளி வெறும் போத்தலுடன் போய் நிற்பான். டிஸ்பென்சர் ஐயா கலவையை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காட்ட, ஓரத்தைப் பல் பல்லாக வெட்டிய காகித நாடா ஒன்றைப் போத்தலின் விலாவில் ஒட்டிக் கொடுப்பார். மருந்தின் பெயரைக் கேட்கும் வழக்கமுமில்லை, சொல்லும் வழக்கமுமில்லை. சிவப்புத் தண்ணி, வெள்ளைத் தண்ணி என்பதே அதன் நாமகரணம்.

1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாகி, மலேரியா பெருகியபோது மிகக் கொடிய அடி வாங்கிய பிரதேசங்களில் கேகாலையும் ஒன்று. இலங்கை முழுவதும் சுமார் 80,000 உயிர்கள் போயின. நிவாரணத்துக்கு வந்த இடதுசாரித் தலைவர் என். எம். பெரேராவைக் கிராமத்தார் ‘பருப்பு மாத்தயா’ என்றழைத்தார்கள். 1936இல் ருவன்வெல்ல தொகுதி அவரையே தேர்ந்தெடுத்தது. அந்தக் காய்ச்சலுக்குக் கொயினாவை விழுங்கியவர்களின் காதில் வண்டு இரைந்தது, தலை சுற்றியது. நோயைத் தீர்க்கும் ஔஷதமே தேகத்தில் வேறொன்றையும் செய்யும் என்பதை அவர்கள் ஏட்டில் படிக்கவில்லை, காதால் கேட்டறிந்தார்கள்.

அந்த நிவாரணப் பணியில் உழைத்த டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, பேராசிரியர் சேனக்க பிபிலேயுடன் சேர்ந்து 1971இல் அளித்த அறிக்கை, வியாபாரப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரைக் கொள்ளும்படி வற்புறுத்தியது; அவ்வாண்டே அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனமும் தோன்றிற்று. பெயரறியாத போத்தலின் நெடுங்காலத்துக்குப் பிறகு இதை ஒரு சிறிய புரட்சி என்றே சொல்வேன்.

இன்று அதே லயங்களில் சீனி வருத்தம் முற்றிப் பாதம் எரிபவர்களுக்கும், நரம்பு இழுப்பால் தூக்கமிழந்தவர்களுக்கும் கபாபென்டின், பிரெகபலின், அமிட்ரிப்டிலின் ஆகியவை எழுதிக் கொடுக்கப்படுகின்றன. வேடிக்கை என்னவென்றால், முதலிரண்டும் வலிப்பு நோய்க்காகவும் மூன்றாவது மனச்சோர்வுக்காகவும் ஆக்கப்பட்டவை. முதலிரண்டால் மயக்கமும் தள்ளாட்டமும் கால் வீக்கமும் வரலாம். அமிட்ரிப்டிலினால் வாய் உலரும், மலம் கட்டும், சிலருக்குச் சிறுநீர் தடைப்படும். இரவில் குளிசை விழுங்கிய முதியவர், விடியுமுன் மழையில் வழுக்கும் கற்படியில் இறங்கும்போதுதான் தள்ளாட்டத்தின் அர்த்தம் விளங்கும். முதலிரண்டும் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுவதால், சீனி வருத்தத்தில் சிறுநீரகமும் தளர்ந்தவருக்கு வைத்தியர் அளவைக் குறைத்தாக வேண்டும். கசிப்போடோ, தூக்க மாத்திரையோடோ, அபின் வகை வலி மருந்தோடோ இவை கூடினால் சுவாசமே மந்தப்படும். வலி தணிந்ததென்று ஒரே நாளில் நிறுத்துவதும் விபரீதம். வைத்தியர் சொற்படி படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். பிரிட்டன் 2019 ஏப்ரலில் முதலிரண்டையும் கட்டுப்பாட்டு வகுப்பில் சேர்த்தது. இங்கும் பிரெகபலின் போதைக்குத் திசைமாறி, பொலிஸார் கைப்பற்றியதாகப் பத்திரிகைகளில் செய்தி வருகிறது.

வயதான பெண்கள் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைக்கும் மருந்துக் கவரிலிருந்து, “எனக்குக் கேட்டிச்சு, நீயும் போட்டுப் பாரு” என்று அடுத்த காம்பராவுக்கு இரண்டு குளிசைகள் சாவகாசமாகக் கைமாறிப் போகின்றன. கவரின்மேல் அளவும் வேளையும் எழுதியிருக்கும். கைமாறும் இரண்டு குளிசைகளோடு அந்தக் கவர் போவதில்லை.