இந்திரஜித் குமாரசுவாமி

இந்திரஜித் குமாரசுவாமி (பிறப்பு: 1950 ஏப்ரல் 3) இலங்கைத் தமிழரான பொருளியலாளர். 2016 ஜூலை முதல் 2019 டிசம்பர் வரை இலங்கை மத்திய வங்கியின் ஆளுநராகப் பணியாற்றினார். இளமையில் முதல்தரக் கிரிக்கெட் ஆடியவர். இலங்கை ரக்பி அணிக்குத் தலைமை தாங்கியவர்.

குடும்பமும் கல்வியும்

தந்தை ராஜு குமாரசுவாமி இலங்கைச் சிவில் சேவையிலும் பின்னர் ஐக்கிய நாடுகள் அமைப்பிலும் பணிபுரிந்தவர். தங்கை ராதிகா குமாரசுவாமி 2006 முதல் 2012 வரை, ஆயுத மோதல்களில் சிக்கிய சிறுவர்களுக்கான ஐ.நா. சிறப்புப் பிரதிநிதியாக இருந்தார்.

இந்திரஜித் கொழும்பு ரோயல் கல்லூரியிலும் இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியிலும் படித்தார். கேம்பிரிட்ஜின் இம்மானுவேல் கல்லூரியில் பொருளியல் பட்டமும், சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

விளையாட்டு

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிக்காக 1971, 1972 ஆண்டுகளில் முதல்தரப் போட்டிகளில் ஆடினார். அப்போது அணித்தலைவர், பாகிஸ்தானின் மஜித் கான். தாயகம் திரும்பிய பின் ரக்பியில் முன்னணிக்கு வந்தார். 1974இல் கொழும்பில் நடந்த ஆசிய ரக்பிப் போட்டியில் இலங்கை அணியை வழிநடத்தினார். இறுதியாட்டத்தில் ஜப்பான் வென்றது. இலங்கைக்கு இரண்டாம் இடம்.

பொருளியல் பணி

அதே 1974இல் மத்திய வங்கியில் சேர்ந்தார். பொருளாதார ஆய்வு, புள்ளிவிவரம், வங்கி மேற்பார்வை ஆகிய பிரிவுகளில் 1989 வரை பணியாற்றினார். இடையில் 1981 முதல் நிதி, திட்டமிடல் அமைச்சுக்கு அனுப்பப்பட்டிருந்தார். 1990 முதல் 2008 வரை லண்டனிலுள்ள காமன்வெல்த் செயலகத்தில் பணிபுரிந்து, பொருளாதார விவகாரப் பிரிவின் இயக்குநராக உயர்ந்தார்.

ஆளுநர் பதவி

2015 பிப்ரவரியில் நடந்த அரசுக் கடன் பத்திர ஏலம் பெரும் சர்ச்சையாகி, மத்திய வங்கியின் நற்பெயர் குலைந்திருந்த வேளையில் ஆளுநர் பொறுப்பு அவரிடம் வந்தது. 2017இல் கடன் பத்திர ஏலத்துக்குப் புதிய முறை கொண்டுவரப்பட்டது. பணவீக்கத்தை இலக்குக்குள் வைத்திருப்பதை நாணயக் கொள்கையின் மையமாக்கும் பணியும் நடந்தது. பன்னாட்டு நாணய நிதியத்தின் 150 கோடி டாலர் கடன் திட்டம், 2018 அக்டோபர் அரசியல் நெருக்கடி, 2019 ஈஸ்டர் ஞாயிறுத் தாக்குதல்கள் ஆகியவை அவரது பதவிக் காலத்தைச் சூழ்ந்திருந்தன.

அரசு தன் பற்றாக்குறையை ஈடுகட்ட மத்திய வங்கியிடம் கடன் வாங்குவதைத் தடுக்கும் புதிய சட்ட முன்வரைவும் அக்காலத்தில் உருவானது. ஆனால் அது நிறைவேறுமுன் 2019இல் ஆட்சி மாறியது; அவரும் பதவி விலகினார்.

பிற்காலம்

அன்னியச் செலாவணி வறண்டிருந்த 2022 ஏப்ரலில், கடன் நெருக்கடி குறித்துக் குடியரசுத் தலைவருக்கு ஆலோசனை கூறும் மூவர் குழுவில் நியமிக்கப்பட்டார். சாந்த தேவராஜன், ஷர்மினி கூரே ஆகியோர் மற்ற இருவர். அடுத்த சில நாட்களில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. முன்னர் கைவிடப்பட்ட சீர்திருத்தத்தின் வழிவந்த புதிய மத்திய வங்கிச் சட்டம் 2023இல் நிறைவேறியது.